வண்ணம் கழுவப்பட்ட பெட்டகங்கள்
ஸ்கண்டிநேவியப் பைன் தளபாடங்களும் ‘நாட்டுப்புறம்’ என்னும் கருத்தும் – ஒரு விமர்சன நோக்கு

விமர்சனம் என்னும் சொல் எம்மிடையே பெரும்பாலும் கவிதை, நாவல், நாடகம் ஆகியவற்றுடனேயே சேர்த்து வழங்கப்பட்டு வருகின்றது. ஓவியத்தையும் சிற்பத்தையும் அவ்வப்போது அதன் எல்லைக்குள் அனுமதிக்கின்றோம். கதிரை, மேசை, பெட்டகம் என்பன விமர்சனத்துக்குரிய பொருள்கள் என்று எவரேனும் கூறின் அவரை ஐயத்துடனேயே நோக்குவோம். ஆயினும் மனிதன் ஒரு கவிதையுடன் கழிக்கும் நேரத்திலும் ஒரு கதிரையுடன் கழிக்கும் நேரம் பன்மடங்கு அதிகமாகும். ஒரு சமுதாயம் தன்னைப் பற்றி என்ன எண்ணிக்கொள்கின்றது, எதனை மறைக்க விரும்புகின்றது, எவரைப் பார்த்துப் பொறாமை கொள்கின்றது என்பனவெல்லாம் அதன் வீட்டுப் பொருள்களிலே எழுதப்பட்டுள்ளன. அவ்வெழுத்தை வாசிக்க முயல்வது இலக்கிய மாணவனுக்கு ஒவ்வாத செயலன்று என்னும் துணிவிலேயே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

ஸ்கண்டிநேவிய நாடுகளின் பழைய பைன் தளபாடங்களுக்கு இன்று உலகச் சந்தையில் பெருமதிப்பு ஏற்பட்டுள்ளது. பாரிசிலும் நியூயோர்க்கிலும் நடைபெறும் ஏலங்களில் 1930களைச் சேர்ந்த சுவீடன் நாட்டுப் பைன் மேசைகள் பல்லாயிரம் டொலருக்கு விலைபோகின்றன. இவற்றைப் பற்றி எழுதுவோர் யாவரும் ஒரே சொற்களையே கையாளுகின்றனர்: எளிமை, நேர்மை, நாட்டுப்புறத் தன்மை, மரத்தின் இயல்பான அழகு. முதலாம் வருடத்தில் இவை பற்றிய நூலொன்றை நூலகத்தில் வாசித்தபோது நானும் இச்சொற்களில் மயங்கினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பூச்சற்ற மஞ்சள் நிற மரமும், மறைக்கப்படாத கணுக்களும், வெளியே தெரியும் கழுந்துகளும் உழைக்கும் மக்களின் உண்மையான கலை வெளிப்பாடு என்று அன்று ஒரு பயிற்சிக் கட்டுரையும் எழுதினேன். அக்கருத்து எவ்வளவு தவறானது என்பதைப் பின்னர் வாசித்தவை உணர்த்தின. இக்கட்டுரை ஒரு வகையில் எனது பழைய கட்டுரைக்கான மறுப்பாகும்.

முதலில் மரத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். வடக்கு ஐரோப்பாவில் வளரும் பைன் எமது பல்கலைக்கழகத்துக்கு மேலே ஹந்தானைச் சாரலில் நிற்கும் பைன் அன்று. இங்குள்ளது கரிபியன் பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்டுத் தோட்டமாக நடப்பட்ட இனம். சுவீடன், நோர்வே, பின்லாந்து ஆகிய நாடுகளின் பைன் அந்நிலத்துக்கே உரியது. நீண்ட பனிக்காலமும் குறுகிய கோடையும் கொண்ட சூழலில் மிக மெதுவாக வளர்வது. மெதுவாக வளர்வதனால் அதன் ஆண்டு வளையங்கள் நெருக்கமாக அமைகின்றன. முதிர்ந்த மரத்தின் வைரம் பிசின் செறிந்து, செந்நிறம் பெற்று, உளுத்துப் போகாத வலிமை உடையதாகின்றது. நோர்வேயின் போர்குன்ட் என்னுமிடத்தில் 1180ஆம் ஆண்டளவில் கட்டப்பட்ட மரத் தேவாலயம் இன்றும் நிற்கின்றது. அது முற்றிலும் பைன் மரத்தாலானது. மரக்கீல் பூசிப் பூசி அதனைக் காத்து வந்துள்ளனர். ஊர்னெஸ் என்னுமிடத்துத் தேவாலயமும் அதே நூற்றாண்டைச் சேர்ந்ததே. எனவே பைன் மலிவான மரம், ஏழைகளின் மரம் என்னும் கூற்று அரை உண்மையே ஆகும். அது எங்கும் கிடைத்த மரம். அரசனும் ஆயரும் உழவனும் அதனையே வெட்டினர். அவர்களை வேறுபடுத்தியது, வெட்டிய மரத்தின் மீது என்ன செய்தார்கள் என்பதேயாகும்.

என்ன செய்தார்கள்? வண்ணம் பூசினார்கள். இவ்விடயம் முழுவதற்கும் அச்சாணி இதுவேயாதலால் இதனைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும்.

சுவீடனின் தாலார்ணா, ஹெல்சிங்லாந்து முதலிய மாகாணங்களிலும், நோர்வேயின் டெலிமார்க், ஹாலிங்டால் போன்ற பள்ளத்தாக்குகளிலும் 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் உழவர் வீடுகளிலிருந்த பெட்டகங்கள், அலுமாரிகள், கட்டில்கள், கடிகாரக் கூடுகள் ஆகியன பெரும்பாலும் வண்ணம் தீட்டப்பட்டே இருந்தன. ஆளிவிதை எண்ணெயில் குழைத்த நீலம், செம்மண் சிவப்பு, பச்சை என்பனவே அடிப்படை நிறங்கள். அவற்றின் மேல் பூக்களும் கொடிகளும் வரையப்பட்டன. தாலார்ணா ஓவியர்கள் வரைந்த வியத்தகு பூங்கொத்துக்குக் கூர்பிட்ஸ் என்று பெயர். இச்சொல் சுரைக்கொடியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. விவிலியத்தில் யோனா தீர்க்கதரிசிக்கு நிழல் கொடுத்த கொடியே இவ்வாறு பனி நாட்டுக் கிராமத்தின் அலுமாரிக் கதவில் வந்து பூத்திருக்கின்றது. சுரைக்கொடியை ஒருபோதும் கண்டிராத ஓவியன், தான் செவிவழி அறிந்த ஒன்றைத் தன் கற்பனையால் ஆளுயரப் பூவாக மாற்றிவிட்டான். இத்தகைய ஓவியர்கள் மாகாணம் மாகாணமாக நடந்து சென்று, தங்கிய வீடுகளில் சுவர்களையும் தளபாடங்களையும் வரைந்து பிழைத்தவர்கள்.

இன்னொரு செய்தியும் உண்டு. பூ வரையாத இடங்களில் உழவன் பைன் மரத்தை வேறு மரமாக வேடமிட வைத்தான். மஹோகனியின் ரேகைகளைப் போலவும், வால்நட் மரத்தைப் போலவும், சில வேளைகளில் சலவைக்கல்லைப் போலவும் தூரிகையாலும் சீப்பாலும் கோடிழுத்தனர். நகரத்துக் கனவான் வீட்டில் உண்மையான மஹோகனி இருந்தது. கிராமத்து வீட்டில் வரையப்பட்ட மஹோகனி இருந்தது. இதனைப் போலித்தனம் என்று இகழ்வது எளிது. ஆனால் தன்னிடமுள்ள பொருளைக் கொண்டு தனக்கு மறுக்கப்பட்ட ஒன்றை உருவாக்கும் முயற்சியில் ஒரு துணிவும் நகைச்சுவையும் உள்ளன. பெரும்பாலும் அவ்வேடம் யாரையும் ஏமாற்றுவதற்கானதன்று. இயற்கையில் எந்த மரத்திலும் காணமுடியாத அளவுக்குத் துள்ளும் ரேகைகள் அவை.

இவற்றைப் படைத்தோரும் பயன்படுத்தியோரும் யாவர்? ‘நாட்டுப்புற எளிமை’ என்னும் சொற்றொடர் எம் மனக்கண்முன் நிறுத்துவது ஓர் ஒடுக்கப்பட்ட, கல்லாத குடியானவனை. சுவீடனில் நிலவுடைமை உழவர்கள் பண்ணையடிமைகளாக இருந்தவர்களல்லர். 1866ஆம் ஆண்டு வரை நிலவிய பழைய நாடாளுமன்ற அமைப்பில் பிரபுக்கள், குருமார், நகர வணிகர் ஆகியோருடன் உழவரும் தனியொரு பிரிவாக அமர்ந்திருந்தனர். ஹெல்சிங்லாந்து உழவர்கள் காட்டு வளத்தினாலும் சணல்நூல் உற்பத்தியினாலும் செல்வம் ஈட்டி, விழாக்களுக்கென்றே தனியறைகளும், சில வேளைகளில் தனி வீடுகளும் கட்டி, அவற்றைச் சுவரோவியங்களால் நிரப்பினர். அத்தகைய ஏழு பண்ணை வீடுகள் 2012ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளன. அவ்வீடுகளில் காணப்படுவது எளிமை அன்று, ஆடம்பரம்.

ஆனால் கிராமம் என்பது ஒரே வர்க்கமன்று என்பதையும் மறத்தலாகாது. நிலமற்ற குடிசைவாசிகளும் கூலிகளும் அங்கு இருந்தனர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 1930 வரையில் ஏறத்தாழ 13 இலட்சம் மக்கள் சுவீடனை விட்டு வெளியேறினர். பெரும்பாலானோர் அமெரிக்கா சென்றனர். அவர்களுட் பலர் தம்முடன் கொண்டு சென்ற பெட்டகத்தின் மீதுகூடத் தம் பெயரையும் செல்லும் இடத்தையும் வண்ணத்தால் எழுதிச் சென்றனர்.

இவ்விடத்தில் எனது வாதத்துக்கு எதிரான ஒரு சான்றையும் கூறுதல் நேர்மையாகும். உழவர் வீட்டில் வண்ணமற்ற பைனும் இருந்தது. மேசையின் மேற்பலகையும் தரைப் பலகைகளும் பொதுவாகப் பூச்சின்றி விடப்பட்டன. அப்படியாயின் வெறும் மரத்தை விரும்பும் இன்றைய இரசனைக்கு ஒரு மரபு வேர் உண்டல்லவா? உண்டு. ஆனால் அவ்வெறுமை எவ்வாறு பேணப்பட்டது என்பதைக் கேட்க வேண்டும். மணலாலும் சாம்பற் காரத்தாலும் சவர்க்காரத்தாலும் தேய்த்துத் தேய்த்தே அப்பலகைகள் வெண்மையாக வைக்கப்பட்டன. முழந்தாளிட்டுத் தேய்த்தோர் பெண்கள். இடையறாத தேய்ப்பினால் மென்மையான பகுதி கரைந்து, கணுக்கள் மட்டும் மேடிட்டு நிற்கும் பழைய தரைகளை இன்றும் காணலாம். ஒரு நூற்றாண்டுக் காலப் பெண்களின் உழைப்பை ‘மரத்தின் இயல்பான அழகு’ என்று பெயரிட்டு அழைக்கின்றோம்.

இனி நகரத்தின் பக்கம் திரும்புவோம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொழில்மயமாக்கம் கிராமத்தைக் கரைக்கத் தொடங்கியபோதே நகரத்தவர்க்குக் கிராமத்தின் மீது காதல் பிறந்தது. ஆர்துர் ஹசேலியுஸ் 1891இல் ஸ்ரொக்ஹோமில் ஸ்கான்சன் என்னும் திறந்தவெளி அருங்காட்சியகத்தை நிறுவி, கிராமத்து வீடுகளைக் கழற்றிக் கொணர்ந்து மீண்டும் பொருத்தினார். 1899இல் இரு நூல்கள் வெளிவந்தன. ஒன்று, எல்லன் கேய் அழகு யாவர்க்கும் உரியது என்று வாதிட்டு எழுதிய நூல். மற்றையது, ஓவியர் கார்ல் லார்சன் சுண்ட்போர்ன் கிராமத்திலிருந்த தமது வீட்டை நீர்வண்ண ஓவியங்களாக வரைந்து வெளியிட்ட ‘ஒரு வீடு’ என்னும் தொகுப்பு. அவ்வீட்டின் தளபாடங்கள் பலவற்றைத் திட்டமிட்டவர் அவருடைய மனைவி காரின். கிராமத்துத் தச்சர்களைக் கொண்டு செய்வித்து, சிவப்பும் பச்சையும் பூசி வைத்தார். கவனிக்க: நகரத்திலிருந்து வந்த இக்கலைஞர்கள்கூட அன்று வண்ணத்தைக் கழுவவில்லை. கிராமம் என்றால் வண்ணம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வண்ணம் நீங்கிய பைன் பெருங்கலையாக உருப்பெற்றது அக்செல் ஐனார் யோர்த் என்பவரின் கையிலாகும். 1888இல் பிறந்த இவர், ஸ்ரொக்ஹோமின் பெரும் பல்பொருள் அங்காடியான நோர்டிஸ்கா கொம்பனியெத்தின் தலைமை வடிவமைப்பாளராக 1927 முதல் 1938 வரை பணியாற்றினார். அரிய மரங்களின் மெல்லிய தகடுகளைப் பதித்து, அரசவைக்கு உகந்த அலுமாரிகளைச் செய்வித்தவரும் இவரே. 1929இல் பார்சலோனா உலகக் கண்காட்சியில் அத்தகைய படைப்புகள் வைக்கப்பட்டன. அதே ஆண்டிலேதான் அவர் ஓய்வு இல்லங்களுக்கான பைன் தளபாடங்களையும் வடிக்கத் தொடங்கினார். ஊத்தோ, சாண்ட்ஹாம், பிளீதோ, லூவோ என்று அவற்றுக்குத் தலைநகரைச் சூழவுள்ள தீவுகளின் பெயர்களைச் சூட்டினார்.

இப்படைப்புகளின் தரத்தை நான் மறுக்கவில்லை. ஊத்தோ மேசையின் படங்களை எத்தனை முறை நோக்கினும் அதன் அளவுப் பொருத்தம் வியப்பூட்டுகின்றது. பலகை தடித்தது, கால்கள் மேலும் தடித்தவை, ஆனால் முழுமையும் கனமாகத் தோன்றாமல் நிலத்தில் ஊன்றி நிற்கும் ஓர் அமைதியைத் தருகின்றது. பூவும் கொடியும் செய்த வேலையை இங்கு விகிதம் செய்கின்றது. சில துண்டுகளில் கொல்லன் அடித்த இரும்பு வேலைப்பாடு வெளிப்படையாகவே நிற்கின்றது. 1930இல் ஸ்ரொக்ஹோம் கண்காட்சி பயன்பாட்டு வாதத்தை முரசறைந்த காலத்தில், எஃகுக் குழாய்க்கும் பழைய அலங்காரத்துக்கும் இடையே மூன்றாவதொரு வழியை இவர் கண்டார் என்று கூறுவதிலும் தவறில்லை.

எனினும் ஏல விவரணங்களில் அடிக்கடி இடம்பெறும் ஒரு சிறு குறிப்பை விமர்சகர்கள் கடந்து சென்றுவிடுகின்றனர். இம்மரம் அமிலத்தால் நிறமூட்டப்பட்டது என்பதே அக்குறிப்பு. புதிதாக அறுத்த பைன் வெளிறிய மஞ்சள் நிறத்தது. ஒளியும் காற்றும் பட்டுப் பல ஆண்டுகளிலேயே அது தேன் நிறமாகவும் பின்னர் பழுப்பாகவும் மாறும். அப்பல ஆண்டுகளை வேதியியல் முறையில் விரைவுபடுத்தியுள்ளனர். உழவன் தன் பைனை மஹோகனியாக வேடமிட வைத்தான். யோர்த் தன் பைனைப் பழைய பைனாக வேடமிட வைத்தார். இரண்டும் வேடமே. முன்னையதை நாம் போலி என்கின்றோம், பின்னையதை நேர்மை என்கின்றோம். இத்தீர்ப்பை வழங்குவது கண்ணன்று. வர்க்கம் என்றே கருதுகின்றேன்.

அத்தளபாடங்களை வாங்கியோர் தீவுகளில் கோடை இல்லம் வைத்திருக்க வசதி படைத்த நகர மாந்தர். சுவீடனின் தொழிலாளர்க்கு இரண்டு வாரச் சம்பளத்துடன் கூடிய விடுமுறை சட்டமூலம் உறுதிசெய்யப்பட்டதே 1938இல்தான். அவ்வாண்டே யோர்த் தமது பதவியை விட்டு விலகினார். ஓய்வு என்பது சிலரின் உடைமையாக இருந்த காலத்தின் அழகியல் இது. மஹோகனி நிரம்பிய நகரத்து வீட்டிலிருந்து புறப்பட்டு, இரண்டு மாதங்கள் வறுமையை விளையாடிப் பார்ப்பவர்க்கான மேடைப் பொருள்கள் என்று கடுமையாகவும் சொல்லலாம். அவ்வளவு கடுமை வேண்டாமெனின், எளிமையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை செல்வந்தருக்கே முதலில் வாய்த்தது என்று கூறி நிறுத்திக்கொள்ளலாம்.

இக்குறையிலிருந்து விடுபட்ட பைனும் உண்டு. அது பற்றிச் சந்தை குறைவாகவே பேசுகின்றது. சுவீடனின் ஹூஸ்க்வார்ணாவில் 1898இல் தொடங்கப்பட்ட கார்ல் அண்டர்சன் நிறுவனம் 1940களில் யோரான் மல்ம்வாலின் வடிவங்களைக் கொண்டு உள்நாட்டுப் பைனில் தளபாடங்கள் செய்தது. டென்மார்க்கில் நுகர்வோர் கூட்டுறவு இயக்கத்தின் தளபாடப் பிரிவுக்கு 1942இல் தலைமை ஏற்ற போர்கே மொகென்சன், சாதாரணக் குடும்பம் ஒன்றின் உடைகளுக்கும் பாத்திரங்களுக்கும் எவ்வளவு இடம் தேவை என்று அளந்து பார்த்து அலுமாரி வடித்தவர். அவரும் பின்னர் 1960களில் இதே சுவீடன் நிறுவனத்துக்காகப் பைனில் அஸர்போ வரிசையை ஆக்கினார். நோர்வேயின் காட்டு மாவட்டமான திரிசிலில் எட்வின் ஹெல்செத் 1960களில் வடித்த திரிபோ வரிசையும் இவ்வழியதே. அண்மையிலுள்ள காட்டின் மரம், அவ்வூர்த் தொழிலாளரின் கை, நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய விலை என்னும் மூன்றும் இவற்றில் ஓரளவு ஒன்றிணைந்தன. என் இரசனைக்கு அஸர்போ கதிரையே இவ்வகையில் உச்சம். அது எதனையும் நடிக்கவில்லை. பழையதாகத் தோன்றவும் முயலவில்லை. டென்மார்க்கின் வடபகுதித் துறைமுகமான ஹிர்ட்ஸ்ஹால்ஸின் மரஆலைக்காக ரைனர் டௌமில்லர் 1970களில் வடித்த கதிரைகளோ மீண்டும் பருமனையே அழகாகக் கொண்டாடுகின்றன. கை வைக்கும் இடம் கட்டைபோல் உருண்டு திரண்டு நிற்கின்றது. எனக்கு அவை சற்று உரத்துப் பேசுவனவாகத் தோன்றுகின்றன. இன்றைய வணிகர்கள் யோர்த், மொகென்சன், டௌமில்லர் ஆகிய மூவரையும் ‘நாட்டுப்புறப் பைன்’ என்னும் ஒரே தலைப்பின் கீழ் விற்கின்றனர். முதலாமவர் அங்காடிக்கும், இரண்டாமவர் அளவுகோலுக்கும், மூன்றாமவர் மரஆலைக்கும் பணிபுரிந்தவர்கள் என்னும் வேறுபாடு விலைச்சீட்டில் இடம்பெறுவதில்லை.

ஆனால் இவ்விரசனையின் மிகப் பெரிய கேடு புதிய தளபாடங்களில் நிகழவில்லை, பழையவற்றிலேயே நிகழ்ந்தது. 1960களிலும் 1970களிலும் வெறும் பைன் மீதான மோகம் பரவியபோது சுவீடனில் நகரத்து இளைஞர்கள் ‘பச்சை அலை’ என்று பெயர் பெற்ற இயக்கத்தில் கிராமங்களுக்குக் குடிபெயர்ந்தனர். பண்டமயமான வாழ்வை வெறுத்து அவர்கள் மேற்கொண்ட தேடலை நான் பழிக்கவில்லை. ஆனால் அவர்கள் தேடிய கிராமம் வெறும் மர நிறத்தில் இருந்தது. அவர்களுக்குக் கிடைத்த கிராமமோ நீலமும் சிவப்புமாக இருந்தது. ஆகவே கிடைத்ததைத் தேடியதற்கேற்பத் திருத்தினர். பழைய பெட்டகங்களும் அலுமாரிகளும் காரநீர்த் தொட்டிகளில் அமிழ்த்தப்பட்டன. இங்கிலாந்தின் பழம்பொருள் வணிகரும் இதனையே தொழிலாகச் செய்தனர். காரம் ஆளிவிதை எண்ணெயைக் கரைக்கும். வண்ணம் சேறாக வழிந்துவிடும். அது பசையையும் கரைப்பதனால் பொருத்துகள் தளரும். மரத்தின் நார் எழும்பிச் சொரசொரப்பாகும். அச்சொரசொரப்பையும் கையால் செய்ததன் அடையாளம் என்று சொல்லி விற்றனர்.

அத்தொட்டிகளில் கரைந்தவை பூக்கள் மாத்திரமல்ல. நோர்வேயிலும் சுவீடனிலும் பெண்ணுக்குத் திருமணத்தின்போது அளிக்கப்பட்ட பெட்டகத்தின் முகப்பில் அவளுடைய பெயரையோ முதலெழுத்துகளையோ எழுதி, ஆண்டையும் குறிப்பது வழக்கம். தனக்கென நிலம் இல்லாத, வரலாற்றேடுகளில் இடம்பெறாத ஒரு பெண்ணின் பெயர் அழகெழுத்தில் எழுதப்பட்ட பொருள் அவ்வீட்டில் அது ஒன்றாகவே இருந்திருக்கலாம். காரநீர் அப்பெயரை முதலில் கரைத்தது. அதன் பின்னரே அப்பெட்டகம் ‘பெயரறியாத நாட்டுப்புறக் கலைஞனின் எளிய படைப்பு’ என்னும் பட்டத்தைப் பெற்றது. பெயரறியாமை பல வேளைகளில் அதன் பிறவிக் குணமன்று, நாம் ஏற்படுத்தியது. நாட்டார் கலை பற்றிப் பேசும்போதெல்லாம் ‘ஆசிரியர் பெயர் தெரியாதது’ என்பதை ஓர் இலக்கணமாகவே கற்பிக்கும் பாடநூல்கள் இதனைச் சிந்தித்தல் நன்று.

பெரும் வணிகம் இவ்விரசனையை எவ்வாறு உள்வாங்கியது என்பது பலரும் அறிந்ததே, சுருக்கமாகவே குறிப்பிடுகின்றேன். 1943இல் தொடங்கப்பட்ட ஐகியா நிறுவனம் 1970கள் முதல் ஐவார் என்னும் பெயரில் பூச்சற்ற பைன் அடுக்குத் தட்டுகளை விற்று வருகின்றது. உலகெங்கும் அவற்றை வாங்கியோர் செய்த காரியம் சுவையானது. அவர்களில் மிகப் பலர் அதனை வீட்டுக்குக் கொண்டு சென்று, பொருத்தி நிறுத்தி, தமக்கு விருப்பமான நிறத்தைப் பூசினர். சிலர் பூக்களும் வரைந்தனர். நிறுவனமே பின்னர் அதனை ஊக்குவித்து விளம்பரம் செய்தது. தாலார்ணா உழவன் இதனைக் கண்டிருந்தால் எவ்வித வியப்பும் கொண்டிருக்கமாட்டான்.

அண்மைக் காலத்தில் காற்று மாறத் தொடங்கியுள்ளது. பழைய வண்ணம் கெடாத பெட்டகத்துக்குக் கழுவப்பட்டதை விட உயர்ந்த விலை கொடுக்கப்படுகின்றது. பாதுகாப்பாளர்கள் மேற்பூச்சுகளைச் சிறு கத்தியால் சுரண்டி அடியிலுள்ள முதல் வண்ணத்தைத் தேடுகின்றனர். காரநீரில் முழுகி எழுந்தவற்றிலும் மூலைகளிலும் பொருத்துவாய்களிலும் பூட்டின் பின்புறத்திலும் நீலத்தின் சிறு துளிகள் தங்கியிருப்பதுண்டு. கழுவிய வணிகர்களின் வழிவந்தோர் அத்தகைய பெட்டகத்தை இப்போது ‘அசல் வண்ணத்தின் சுவடுகள் உள்ளன’ என்று குறிப்பிட்டு, அச்சுவடுகளுக்கென்று தனியாக விலை கூட்டி விற்கின்றனர்.